முப்பத்தொரு முடிச்சு

போன வாரம் எங்கள் பழைய இலாகாவிலிருந்து ஒரு புது சர்வேயர் என்னைத் தேடி வந்தார். இப்போதெல்லாம் ஆகாய விமானத்தில் ஏறிக்கொண்டு பூமியைப் படம் பிடிக்கிறார்களாம். மேலேயிருந்து பார்த்தால் புதைந்துபோன கோட்டை, அகழி, கல்லறை எல்லாம் கோடு கோடாகத் தெரிகிறதாம். அந்தக் காலத்தில் நாங்கள் எப்படிப் பார்த்தோம் என்று மரியாதையாகக் கேட்டார். குப்புறப் படுத்துக்கொண்டு பார்த்தோம் என்றேன். அவர் சிரித்தார். பென்ஷன்காரர் தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்திருக்கலாம். எனக்கு ஐம்பத்தாறு வயதுதான் ஆகிறது, தமாஷும் பண்ணவில்லை.

எழுந்து போகும்போது இன்னொன்று கேட்டார். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கீழே ஒரு கிளை வாய்க்கால் நேராக வந்து, ஒரு வெறுந்தரையைச் சுற்றி முழங்கையை மடக்கினது போல வளைந்து, மறுபடி நேராகப் போகிறது. வளைய வேண்டிய காரணம் ஒன்றும் அங்கே இல்லை. பழைய போர்க்களப் படத்தை எடுத்துப் பார்த்தால் அந்த இடத்தில் முப்பத்தொரு பேர், அழகான கறுப்பு மசியில். "யார் சார் இவர்கள்? சரித்திரப் புத்தகம் ஒன்றிலும் இல்லையே" என்றார். நின்றபடி சொல்கிற பதில் அல்ல அது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்தது கல்லறைகள் மேல் ஆசைப்பட்டு அல்ல. பூதப்பாண்டியில் வயலும் வரப்புமாக இருந்த என் தகப்பனாருக்கு மகன் வக்கீலாக வேண்டும் என்று எண்ணம். மகனோ சட்டப் புத்தகத்துக்குள் சண்டைப் புத்தகத்தை வைத்துப் படிப்பவன். ஐரோப்பாவில் எந்த ஆற்றங்கரையில் எந்தத் தளபதி எத்தனை குதிரைகளோடு நின்றான் என்பதெல்லாம் எனக்குத் தலைகீழாகத் தெரியும்; எங்கள் வயலுக்கு எந்த மடையிலிருந்து தண்ணீர் வருகிறது என்பது தெரியாது. கடைசியில் சர்வே பரீட்சை ஒன்றுதான் தேறினேன். இரண்டு வருஷம் சங்கிலி இழுத்தேன், முளை அடித்தேன், கொடி பிடித்தேன். பிறகு பழைய போர்க்களங்களையும் இடுகாடுகளையும் அளந்து படம் போடும் பிரிவில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். செத்தவர்களை அளக்கிற உத்தியோகம் என்று பெண் வீட்டார் இரண்டு பேர் பின்வாங்கினார்கள். மூன்றாவது வீட்டாருக்குச் செவி கொஞ்சம் மந்தம்.

எங்கள் மேலதிகாரி பரமேசுவரன் பிள்ளை. அலுவலகத்தில் அவருக்கு மூணுமசி என்று பெயர். ஒல்லியான மனிதர், கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு, கக்கத்தில் குடை, கையில் ஒரு தேக்குப்பெட்டி. பெட்டிக்குள் கறுப்பு மசி ஒரு குப்பி, சிவப்பு மசி ஒரு குப்பி, பென்சில் ஒன்று. கண்ணால் கண்டதையும் கையால் அளந்ததையும் கறுப்பில் எழுத வேண்டும். ஊர்க்காரர் சொல்லிக் கேட்டது சிவப்பு. நாமாக ஊகித்தது பென்சில். அதைத் திருவனந்தபுரத்துக்குப் போகும் படத்தில் ஏற்றுவதற்கு முன் அழித்துவிட வேண்டும். மூன்றாவதற்கும் மசி என்று பெயர் வைத்தது அலுவலகத்தின் கணக்கு. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைக்கிற நேரத்தை வைத்து நாங்கள் குற்றத்தின் அளவைத் தெரிந்துகொள்வோம்.

என்னால் அந்தக் கண்ணாடி மிகவும் சுத்தமாக இருந்தது. மணவாளக்குறிச்சிக் கடலோரத்தில் ஒரு பழைய பரதேசிகள் கல்லறையை அளக்கப் போனபோது திசைகாட்டி ஒரேயடியாகத் தடுமாறியது. அங்கே கடற்கரை மணல் கறுப்பு. அதிலுள்ள தாது முள்ளை இழுக்கிறது என்று ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். பிள்ளை படித்துவிட்டு என் இடுப்பிலிருந்த இரும்புச் சாவிக்கொத்தைக் கழற்றித் தூர வைக்கச் சொன்னார். முள் நேராக நின்றது. அன்று இரண்டு நிமிஷம் துடைத்தார்.

படுத்துப் பார்க்கிற வித்தை அவருடையது. மேடு ஒரு விரற்கடை உயரம்தான் மிஞ்சியிருந்தாலும், சூரியன் தரையோடு தரையாக இருக்கும்போது அதற்கு ஒரு நிழல் உண்டு. காலையில் நாற்பது நிமிஷம், மாலையில் நாற்பது நிமிஷம். கன்னத்தைப் புல்லில் வைத்துக்கொண்டு படுத்தால், வெறுந்தரை என்று நினைத்த இடத்தில் பனித்துளிகளுக்கு நடுவே வரப்புகளும் பள்ளங்களும் மெல்ல எழும்பி வரும். தூக்கத்தில் ஒரு முகம் ஞாபகம் வருவது போல. வெயில் ஒரு முழம் ஏறினால் எல்லாம் அடங்கிவிடும், மறுபடி வெறுந்தரை. மிச்சப் பகல் முழுதும் எங்களுக்கு வேலை கிடையாது. சர்க்கார் சம்பளத்தில் புல் தரையில் படுத்துக் கிடக்கிறவர்கள் என்று அந்த வட்டாரத்தில் எங்களுக்கு நல்ல புகழ். ஒரு நாள் வண்டிக்காரர் ஒருவர் இறங்கி வந்து, எங்கள் சங்கிலிக்காரன் மாசானத்திடம் எனக்கு என்ன தீனம் என்று விசாரித்தார். "படிச்சுப் படிச்சு இப்பிடி ஆயிட்டு" என்று மாசானம் சொன்னது என் காதில் விழுந்தது.

கணவாய்க்குக் கீழே ஒரு காலத்தில் பெரிய சண்டை நடந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். எந்தத் தரையில் நடந்தது என்பதுதான் யாருக்கும் தெரியாது. இருபதுகளின் பின்பாதியில் நாங்கள் அங்கே மூன்று வருஷம் விட்டு விட்டு அளந்தோம். பகலெல்லாம் அங்கே காற்று. காகிதத்தின்மேல் நாலு கல், கல்லின்மேல் மாசானத்தின் கை. விடியற்காலையில் மட்டும் காற்று மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும். மலையின் நிழல் வயல்களைவிட்டு ஒவ்வொன்றாக விலகும். அந்த நேரத்தில் படுத்துக் கிடக்கும்போது, நான் படித்த எல்லாச் சண்டைகளும் அந்தத் தரையில் ஓசையில்லாமல் நடந்துகொண்டிருப்பதாக எனக்குத் தோன்றும். இது ஒரு சர்வேயருக்கு ஆகாத குணம்.

ஒரு தை மாதக் காலையில் அதை நான் கண்டேன். நெடும்பாறை ஒன்றிலிருந்து வடக்கே இரண்டு சங்கிலி தூரம், ஒரே நேர்வரிசையில் நிழல்கள். ஆள் நீளம், ஒடுங்கிய கால்பக்கம் கிழக்கே. எண்ணினேன்: இருபத்தொன்பது. மேலே ஒரு கல் இல்லை, சிலுவை இல்லை, செடிகூட இல்லை. கிழக்கே கால் நீட்டியிருந்ததால் கிறிஸ்தவர்கள். கிறிஸ்தவர்கள் என்றால் என் புத்தகப் புத்திக்கு வெள்ளைக்காரப் பட்டாளம். இவ்வளவு ஒழுங்கான வரிசையில் படுக்கப் பட்டாளக்காரனால்தான் முடியும். பென்சிலால் 'படைவீரர் கல்லறைகள்' என்று எழுதினேன். அதுவரை தப்பில்லை.

அந்தச் சமயம் பிள்ளை காய்ச்சலில் படுத்துவிட்டார். அதே வாரம் வாய்க்கால் வெட்டுகிறவர்களிடமிருந்து கடிதம்: கிளை வாய்க்கால் அந்தப் புறம்போக்கின் குறுக்கே போகப் போகிறது, அங்கே காப்பாற்ற வேண்டியது ஏதாவது உண்டா, உடனே படம் அனுப்பவும். நானே அளவுப் படத்தின்மேல் மெழுகுத் துணியை விரித்து, அடியில் தெரிந்ததைப் பிரதி எடுத்தேன். 'படைவீரர் கல்லறைகள்' என்ற இடம் வந்ததும் ரப்பரை எடுத்தேன். வைத்துவிட்டேன். கறுப்பு மசியைத் தொட்டு, என் கையெழுத்திலேயே அழகான கையெழுத்தில், அதை ஏற்றிவிட்டேன். அந்த இரண்டு வார்த்தைக்காகத்தான் நான் இருபது வருஷம் படித்தது என்று அந்த நிமிஷத்தில் தோன்றியது. படம் போயிற்று. பட்டாளத்துக்கு மரியாதை கொடுத்து வாய்க்காலை வளைத்து முளை அடித்துவிட்டார்கள்.

பங்குனியில் பிள்ளை திரும்பி வந்த இரண்டாம் நாள், எங்கள் கூடாரத்துக்கு ஒரு அம்மாள் வந்தாள். ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சேலை, முழுக்கை ரவிக்கை, இடுப்பில் ஒரு பனையோலைப் பெட்டி. பெயர் ஞானப்பூ. மிஷன் பள்ளிக்கு லேஸ் பின்னிக் கொடுக்கிறவள். முளை அடித்தவர்கள் அவளுடைய ஊரில் போய்ப் பட்டாளத்துக் கல்லறை என்று சொல்லியிருக்கிறார்கள்.

"இதுல பட்டாளக்காரன்னு எழுதினது யாரு சாரே?" என்று கேட்டாள்.

மாசானத்தை யாரும் கேட்கவில்லை. அவன் முகவாயால் என்னைக் காட்டினான்.

அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "எங்க அம்மை அங்க கெடக்கா. அவளுக்கு வெட்டுகத்தி புடிக்கக் கை நடுங்கும்னு எங்க அப்பன் சொல்லுவாரு. நீங்க அவ கையில துப்பாக்கி குடுத்திருக்கிய."

பிறகு அவள் சொன்னது இது. அவள் கைக்குழந்தையாக இருந்தபோது வாந்திபேதி வந்து, சபை ஜனங்களில் முப்பத்தொரு பேர் சில வாரங்களுக்குள் போய்விட்டார்கள். பக்கத்து நிலமெல்லாம் வைத்திருந்த வீட்டார், அந்தத் தரிசில் புதைத்துக்கொள்ளலாம், ஆனால் தரைக்கு மேல் ஒரு கல்லும் நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். குழி வெட்டியவர் ஞானப்பூவின் தகப்பனார். எழுதத் தெரியாதவர். நெடும்பாறையில் உளியால் ஒரு வெட்டுப் போட்டு, அதிலிருந்து பனைநார்க் கயிற்றை இழுத்து, ஒவ்வொரு குழிக்கும் ஒரு முடிச்சுப் போட்டார். கயிறு அடுப்புப் புகையில் பரணில் கிடந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்து, முடிச்சு முடிச்சாகத் தொட்டு, மகளுக்குப் பெயர் சொல்லிக் கொடுத்தார். இப்போது அவளைத் தவிர அந்த வரிசை தெரிந்தவர் கிடையாது. ஓலைப்பெட்டியில் இருந்தது அந்தக் கயிறு. கறுத்து, சாட்டை மாதிரி.

"பட்டாளத்துல சேத்தா என்ன அம்மா, மரியாதைதானே" என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

"கடைசி நாளையில எக்காளம் ஊதிப் பேரு கூப்பிடுவாவ. பட்டாளம்னு கூப்பிட்டா எங்க அம்மை எழும்பமாட்டா. நமக்கில்லன்னு கெடந்துருவா."

பிள்ளை கண்ணாடியைக் கழற்றினார். என்னைப் பார்க்காமல் துடைத்தார். எவ்வளவு நேரம் என்று எழுத விரும்பவில்லை. பிறகு அவளிடம், "எழும்புற காரியம் எங்க இலாகா இல்ல அம்மா. கெடக்குற காரியம்தான் எங்களுக்கு. வெளுப்பான்காலத்துல கயிறக் கொண்டு வாங்க, அளந்து பாப்போம்" என்றார்.

மறுநாள் விடியலில் எங்களுக்கு முன்பே அவள் பாறையடியில் நின்றிருந்தாள். உளி வெட்டு இருந்தது, பாசியை வழித்ததும் தெரிந்தது. சூரியன் கிளம்பியது, நிழல்கள் எழுந்தன. மாசானம் கயிற்றை இழுத்துக்கொண்டு போனான். முதல் இரண்டு மூன்று முடிச்சுகள் மேட்டின் மேலேயே உட்கார்ந்தன. அப்புறம் நழுவத் தொடங்கின. பாதிவழியில் முடிச்சு இரண்டு மேடுகளுக்கு நடுவே வெறுந்தரையில் கிடந்தது. கடைசி முடிச்சு கடைசி மேட்டையும் தாண்டி, ஒரு கல்லறை தூரம் வெளியே போய்விட்டது. நான் உண்மையைச் சொல்ல வேண்டும்: எனக்கு நிம்மதியாக இருந்தது. பட்டாளம் பிழைத்தது என்று நினைத்தேன். பிள்ளை பெட்டியை மூடினார்.

ஞானப்பூ கயிற்றைக் கையில் எடுத்து விரலால் உருட்டிப் பார்த்தாள். "எங்க அப்பன் இத முடிஞ்சது சாரல் காலத்துல. நனைஞ்ச கயிறு. இது காஞ்சு நீண்டுட்டு" என்றாள். "நூலுக்காரிகிட்ட கேளுங்க சாரே. நனைஞ்சா சுருங்கும், காஞ்சா நீளும். தண்ணி வேணும்."

மாசானம் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினான். அவன் ஓடி நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். கயிற்றைக் குடத்துக்குள் திணித்து அவள் மேலே கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். சூரியன் ஏறிக்கொண்டிருந்தது. நிழல்கள் ஒவ்வொன்றாகக் குட்டையாகின. ஒரு நாரை வந்து வரிசையின் நடுவில் நின்று, எங்களைப் பார்த்துவிட்டுப் போயிற்று. ஊறிய கயிற்றை மறுபடி இழுத்தார்கள். தண்ணீர் சொட்டச் சொட்ட அது தரையைத் தொட்டது.

முடிச்சுகள் உட்கார்ந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மேட்டின் நடுவில்.

நான் குப்புறப் படுத்தபடி, "ஒண்ணு" என்றேன். ஞானப்பூ முடிச்சைத் தொட்டு, "நேசமுத்து" என்றாள். பெயர் சொல்லிக் கேட்டது, ஆகவே சிவப்பு. பிள்ளையின் பேனா சிவப்பு மசிக்குப் போயிற்று. அங்கே நின்றது. அப்புறம் கறுப்புக் குப்பியைத் திறந்தார்.

நான் தலையைத் தூக்கினேன். "கேட்டதுதானே சார்?"

"கேட்டது இல்ல ஓய்" என்றார். "அளந்தது. நமக்கு முன்ன ஒருத்தர் அளந்திருக்காரு. நம்ம சங்கிலிய விடச் சரியா."

எட்டாவது மேட்டில் ஒரு பெரிய முடிச்சு, ஒட்டினாற்போல் ஒரு குட்டி முடிச்சு. "ஏசுவடியாள்" என்றாள் அவள். "இது பிள்ளை. பேரு வைக்கதுக்கு மின்ன." பதினேழாவதிலும் அப்படியே. இருபத்தொன்பது மேட்டில் முப்பத்தொரு பேர் கிடப்பது அப்படித்தான். பெயரில்லாத குழந்தைகளை எந்த மசியில் எழுதுவது என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளை என்னைக் கேட்டார்: "முடிச்சு கண்டீரா?" கண்டேன் என்றேன். "அப்போ எழுத வேண்டியதுதான்." தாயின் பெயருக்குக் கீழே, மகள் என்று கறுப்பில் எழுதினார், அடுத்ததில் மகன் என்று.

இருபத்தைந்தாவது மேட்டோடு நிழல் போய்விட்டது. தரை தரையாகிவிட்டது. பிள்ளை பேனாவைத் துடைத்தார். "மிச்சம் நாளைக்கு."

"எங்க அம்மை இருபத்தெட்டு சாரே" என்றாள் ஞானப்பூ. முடிச்சு கண்ணெதிரில்தான் கிடந்தது. எழுதினால் யாருக்கு என்ன நஷ்டம் என்று எனக்குத் தோன்றிற்று. ஏற்கெனவே அப்படித் தோன்றி இரண்டு வார்த்தை எழுதியவன் ஆகையால் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் மேகம். சூரியன் இருக்கிற இடமே தெரியவில்லை. அவள் லேஸ் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு பாறையடியில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தாள். பிள்ளை பக்கத்தில் குடையை ஊன்றி உட்கார்ந்து, தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். பட்டாளம் என்று எழுதியிருப்பதால்தான் வாய்க்கால் வளைந்திருக்கிறது. உள்ளதை எழுதினால் அது பழையபடி நேராகவே வரலாம். வந்தால் இந்த வரிசையின் வழியாகத்தான் வெட்டுவார்கள். பட்டாளத்தை அப்படியே விட்டுவிட்டால் இந்த மண்ணை யாரும் தொடமாட்டார்கள். உங்களைக் கேட்காமல் செய்ய எனக்கு மனசில்லை என்றார். இது அந்த மனிதர் வாயிலிருந்து வந்தது. பொய்க்கு இடம் கொடுத்து அவர் பேசி அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை.

"மத்த வீடுகள்ல என்ன சொல்லுதாவ?" என்று கேட்டார்.

"பட்டாளம்னு கேள்விப்பட்ட அன்னைக்கே ஆராதனை முடிஞ்சு கேட்டேன். ரெண்டு வீட்டுக்காரங்க பட்டாளமே இருக்கட்டும்னாவ. பென்சன் உண்டான்னும் கேட்டாவ." அவள் ஊசியைக் குத்தி நூலைச் சுற்றிக்கொண்டே சொன்னாள். "பட்டாளம்னு எழுதிவச்சா எடம் மிஞ்சும். எங்க அம்மை மிஞ்சமாட்டா. நீங்க உள்ளத எழுதுங்க சாரே."

அடுத்த ஊசியைக் குத்திக்கொண்டு, தலையைத் தூக்காமலேயே, "ஆனா வாய்க்காலும் வரப்பிடாது. அதுக்கும் நீங்கதான் வழி பாக்கணும்" என்றாள்.

மூன்றாம் நாள் வானம் கழுவிவிட்டது போல் இருந்தது. கயிற்றை வரும்போதே நனைத்துக்கொண்டு வந்திருந்தாள். இருபத்தாறு, இருபத்தேழு. இருபத்தெட்டாவது மேட்டின் நிழலில் என் கன்னம் கிடந்தது; புல் குளிர்ந்தது. "மரியாள்" என்று அவள் சொன்னபோது குரலில் ஒன்றும் இல்லை, மற்றவர்களைச் சொன்ன மாதிரியேதான் சொன்னாள். பிள்ளை மட்டும் அந்த ஒரு பெயரை இரண்டு தடவை மசி தொட்டு எழுதினார்.

படத்தைத் திருப்பி வாங்கினோம். பிள்ளை பேனாக்கத்தியை என்னிடம் நீட்டினார். மெழுகுத் துணியில் ஏறிய கறுப்பு மசியை ரப்பர் அழிக்காது, சுரண்டத்தான் வேண்டும். 'படைவீரர் கல்லறைகள்' என்ற என் மிக அழகான கையெழுத்தை நானே ஒரு மத்தியானம் முழுக்கச் சுரண்டினேன். பக்கத்தில் முப்பத்தொரு பேரையும் பிள்ளை கறுப்பில் ஏற்றினார். ஊகித்ததைக் 'கண்டது' என்று எழுதியவன் நானே என்று ஒரு கடிதமும் எழுதிக் கையெழுத்திட்டேன். அது என் சேவைப் புத்தகத்தில் இன்னும் இருக்கிறது. அதிலுள்ள ஒரே சுவாரசியமான பக்கம்.

எதிர்பார்த்தபடியே மேலிடத்திலிருந்து கேள்வி வந்தது. போர் சம்பந்தமில்லாத இந்தக் கல்லறைகளுக்குச் சரித்திர முக்கியத்துவம் என்ன, வாய்க்கால் எதற்காக வளைய வேண்டும்? பிள்ளை மூன்று நாள் அந்தக் காகிதத்தை மேசைமேல் வைத்திருந்தார். நாலாம் நாள் பதில் எழுதினார். பிரதி எடுத்தவன் நான் என்பதால் வார்த்தை மாறாமல் சொல்ல முடியும்: "இந்தப் போர்க்களத்தை மூன்று வருஷம் அளந்ததில், இன்னார் என்று தெரிந்து கிடைத்தவர்கள் இந்த முப்பத்தொரு பேர் மட்டுமே."

அதற்குப் பதில் வரவில்லை. சர்க்காரில் பதில் வராதது சில சமயம் நல்ல பதில். அடித்த முளைகளை யாரும் பிடுங்கவில்லை. அடுத்த வருஷம் தண்ணீர் அந்த வளைவைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

படத்தை ஞானப்பூவுக்கு விரித்துக் காட்டியது ஞாபகம் இருக்கிறது. பெயர் இருக்கிற இடத்தில் விரலை வைக்கச் சொன்னேன். வைத்தாள். பிறகு கயிற்றைச் சுருட்டி ஓலைப்பெட்டியில் போட்டுக்கொண்டாள். படம்தான் இருக்கிறதே, கயிறு எதற்கு என்று கேட்டேன். "நீங்க ஒரு தடவ தப்பா எழுதினவங்கல்லா" என்றாள்.

ஆகவே விமானத்தில் பறக்கிற தம்பிக்கு என் பதில்: வளைவுக்குக் காரணம் அந்த முப்பத்தொரு பேர்தான். அவர்களைச் சரித்திரத்தில் தேட வேண்டாம். ஆனால் அந்தப் படத்தில் நீங்கள் காணாத இன்னொன்றும் உண்டு. மெழுகுத் துணியைக் காலை வெயிலில் சன்னலோரம் கொண்டுபோய், கண்ணுக்கு நேராக, நன்றாகச் சாய்த்துப் பிடியுங்கள். பெயர்களுக்குப் பக்கத்தில், கத்தி பட்ட பள்ளங்களில் நிழல் விழுந்து, என் கையெழுத்தில் இரண்டு வார்த்தை மெல்ல எழும்பி வரும். வெயில் ஏறினால் போய்விடும். பார்த்தவுடன் குறித்துக்கொள்ளுங்கள். கறுப்பு மசியிலேயே எழுதலாம்.